அவையளுக்கு ரெண்டு, எங்களுக்கு மூண்டு: திஸ், தட் கதை

கொழும்பு வெள்ளவத்தையில காலி வீதியால நடந்தா ஸ்போக்கன் இங்கிலிஷ் கிளாஸ் போர்டுக்குக் குறைவே இல்ல. கிட்ட இருந்தா திஸ், தூர இருந்தா தட், கன சாமான் எண்டா தீஸ், தோஸ், அவ்வளவுதான் எண்டு சொல்லிக்குடுத்துட்டு அடுத்த பாடத்துக்குப் போயிடுவினம். ஆனா தூரம் எண்டா யாருக்குத் தூரம்?

யாழ்ப்பாணத் தமிழ் கதைக்கிற ஆளுக்கு இது லேசா விளங்கும். என்ர கையில இருந்தா இந்தப் பேனை, உங்கட கையில இருந்தா உந்தப் பேனை, ரெண்டு பேருக்கும் தள்ளி மேசையில கிடந்தா அந்தப் பேனை. தொல்காப்பியமே அ, இ, உ மூண்டையும் சுட்டு எண்டுதான் சொல்லுது, தமிழ்நாட்டுப் பேச்சில உ கழண்டுட்டுது, எங்கட வாயில இன்னும் நிக்குது. சிங்களத்தில அதுக்கும் மேல, மே, ஓய, அர, ஏ எண்டு நாலு இருக்கு, மே எண்டா எங்கட இந்த, ஓய எண்டா எங்கட உந்த, கண்ணுக்குத் தெரியிற தூரத்துக்கு அர, கண்ணில படாம முதல் கதைச்சதுக்கு ஏ. அதாலதான் புறக்கோட்டையில கடைக்காரர் கையில இருக்கிற சாமானைப் பாத்து "ஓக கீயத", உது எவ்வளவு எண்டு கேக்கிறம்.

இங்கிலிஷ்லயும் முந்தி தூரத்துக்கு யொன் எண்டு ஒண்டு இருந்தது, ஸ்கொட்லாந்துப் பக்கம் இன்னும் கேக்கலாம், பொது இங்கிலிஷ்ல போச்சு. இப்ப உந்த, அந்த ரெண்டும் தட்டுக்குள்ள போய் விழுது. கதைக்கிற ஆள்தான் நடு, அவர்ட வட்டத்துக்கு வெளியில எல்லாம் தட். போனில நான் "திஸ் இஸ் குமார்", மற்றப் பக்கத்து ஆளைப் பிரிட்டிஷ்காரர் "ஹூ இஸ் தட்" எண்டு கேப்பினம், அமெரிக்கர் அதுக்கும் திஸ் எண்டுவினம்!

எங்கட ஆக்கள் சறுக்கிறது உண்மையில வேற இடத்தில. இந்தப் புத்தகம், இந்தப் புத்தகங்கள், இந்த மாறவே மாறாது. இங்கிலிஷ்லயும் ரெட் புக், ரெட் புக்ஸ் தான், ரெட்டுக்குப் பின்னால எஸ் போடுறேல்ல, பெயர்ச்சொல்லுக்கு முன்னால வந்து ஒருமை பன்மைக்கு உருமாறுறது இந்தச் சுட்டு மட்டும்தான், அதால "திஸ் புக்ஸ்" எண்டு வாய் தானா போயிடும். ஒரே ஒரு காற்சட்டை எண்டாலும் தீஸ் டிரவுசர்ஸ், ஆனா நியூஸ் எஸ்ஸில முடிஞ்சாலும் திஸ் நியூஸ்.

இன்னொண்டு, "என்ர இந்த சேர்ட்" எண்டு நாங்க ரெண்டையும் சேர்த்துச் சொல்லலாம். இங்கிலிஷ்ல பெயர்ச்சொல்லுக்கு முன்னால இந்த ரெண்டுக்கும் சேர்த்து ஒரு சீட்தான், திஸ் ஏறினா மை இறங்கோணும், "திஸ் மை சேர்ட்" சரிவராது, "திஸ் சேர்ட் ஒவ் மைன்" எண்டு மையைப் பின்னால கொண்டுபோய் இருத்தோணும்.