கான்சர்டினா: கருவியும் சொல்லும் தமிழ்ப் பெயரும்

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளேர் மாவட்டத்தில், ‘மிஸஸ் கிராட்டி’ என்றால் போதும். எந்த கிராட்டி என்று யாரும் கேட்பதில்லை. கூராக்ளேர் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மார்க்கம் குடும்பத்தில் 1885இல் பிறந்து, 1914இல் மணமாகி, கில்ரஷ் நகரச் சந்தைச் சதுக்கத்தில் கணவரோடு மதுக்கடை நடத்தியவர் எலிசபெத் கிராட்டி. 1950களின் நடுவில் அயர்லாந்து தேசிய வானொலியான ரேடியோ ஏரனின் ஒலிப்பதிவு வண்டியோடு ஊர் ஊராகப் போன கீரான் மக் மஹூனா அவர் வாசிப்பைப் பதிவு செய்தார். அதுவரை கிளேருக்குள் மட்டும் தெரிந்திருந்த அந்த அம்மாளை நாடே கேட்டது. 1960 டிசம்பரில் மறைந்தார். அவர் பெயரிலேயே கில்ரஷ்ஷில் ஓர் இசைவிழா எடுக்கும் அளவுக்கு ஊர் அவரை நினைவில் வைத்திருந்தது.

அவரைப் பற்றித் தமிழில் நாலு வரி எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே இடறும். அவர் வாசித்தது என்ன? ‘அக்கார்டியன்’ என்று எழுதினால் தப்பு. ‘ஒரு வகை ஆர்மோனியம்’ என்றால் அதைவிடப் பெரிய தப்பு. அது கான்சர்டினா: நடுவில் துருத்தியும் இரு பக்கமும் பொத்தான்களும் உள்ள, கைக்கு அடக்கமான அறுகோணக் கருவி.

தமிழ் வாசகர் இந்தச் சொல்லை இசையில் சந்தித்திருக்க வாய்ப்பு குறைவு. எல்லைப் பாதுகாப்புச் செய்திகளில் ‘கான்சர்டினா வயர்’ என்று வரும் சுருள் முள்கம்பியில் சந்தித்திருப்பார். இழுத்தால் நீண்டு, தள்ளினால் சுருங்கி அடங்குவதால் கம்பிக்கு அந்தப் பெயர். அதே உவமையில் ஆங்கிலத்தில் இது வினைச்சொல்லாகவும் ஆகிவிட்டது: விபத்தில் வண்டி மடிந்து நசுங்கினால் அதைக் ‘கான்சர்டினா ஆனது’ என்பார்கள். நம் செய்தித்தாள்களில் அதே வண்டி அப்பளம்போல் நொறுங்கும். அங்கே அப்பளம்தான் சரியான மொழிபெயர்ப்பு. காகித மடிப்பு என்றால் விசிறி மடிப்பு. இந்த இரண்டு இடங்களிலும் கருவியை நினைக்கவே வேண்டாம்.

பெயர் வைத்தது சார்லஸ் வீட்ஸ்டோன். பிளஸ் டூ இயற்பியலில் வரும் ‘வீட்ஸ்டோன் சமனச்சுற்று’ ஞாபகம் இருக்கிறதா? அதே ஆள்தான். (அந்தச் சுற்றை முதலில் வகுத்தவர் சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி. வீட்ஸ்டோன் பரப்பினார், பெயர் பரப்பியவரோடு ஒட்டிக்கொண்டது.) இசைக்கருவி செய்யும் குடும்பத்துப் பிள்ளையான வீட்ஸ்டோன் லண்டனில் 1829இல் வாயால் ஊதும் ஒரு சிறு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதில் வாய்க்குப் பதில் துருத்தியை வைத்து வளர்த்தெடுத்ததுதான் கான்சர்டினா. ‘கான்சர்ட்’ என்ற சொல்லோடு ‘இனா’ என்ற இத்தாலியச் சிறுமை விகுதி சேர்ந்தது. கான்சர்ட்டின் மூலம் ‘கான்செர்ட்டாரே’. லத்தீனில் அதற்குப் போட்டியிடுதல் என்று பொருள், இத்தாலியனில் ஒத்திசைத்தல். எதிரெதிர்ப் பொருள் இரண்டும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. இதைப் பார்த்து ‘கச்சேரிப்பெட்டி’ என்று தமிழாக்கத் துணிய வேண்டாம். நம் ‘கச்சேரி’யே அரசு அலுவலகத்தைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்தான். இலங்கையில் இன்றும் கச்சேரி என்றால் பாட்டு இல்லை, மாவட்ட அலுவலகம்.

ஐரிஷ் மொழி இந்தச் சொல்லை ‘கொன்சர்ட்டீன்’ என்று வாங்கிக்கொண்டது. அந்த மொழியில் ‘ஈன்’ என்பதும் சிறுமை விகுதி; எனவே வந்த சொல் அந்த வீட்டுப் பிள்ளைபோலவே தெரியும். ஆனால் கிளேர்க்காரர்கள் இன்னொரு பெயரும் வைத்திருந்தார்கள்: ‘பான் ஹார்டீன்’, அதாவது பெண் அக்கார்டியன். அந்த மாவட்டத்தில் அதைப் பெண்கள் அவ்வளவு பேர் வாசித்தார்கள். ‘பான்’ என்றால் பெண், நம் ‘பெண்’ போலவே ஒலிக்கிறதே என்று வேர்ச்சொல் ஆராய்ச்சியில் இறங்கிவிட வேண்டாம். அது தற்செயல்.

பெண்கள் கைக்கு இது எப்படி வந்தது என்பதற்கு விலைதான் முதல் காரணம். வீட்ஸ்டோன் செய்தது வரவேற்பறைக் கருவி, விலை அதிகம். ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் கார்ல் ஃப்ரீட்ரிக் உலிக் 1834இல் செய்த வகை மலிவு. அது பெட்டி பெட்டியாக இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இறங்கியது. லண்டன் பட்டறைகள் அந்த ஜெர்மன் சுர அடுக்கையும் ஆங்கிலக் கட்டுமானத்தையும் சேர்த்து ‘ஆங்லோ’ வகையைச் செய்தன. அயர்லாந்தில் கான்சர்டினா என்றால் இன்று பெரும்பாலும் ஆங்லோதான்.

இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாடு பெயரில் தெரியாது, காற்றில் தெரியும். வீட்ஸ்டோனின் ஆங்கில வகையில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துத் துருத்தியை அமுக்கினாலும் இழுத்தாலும் ஒரே சுரம். ஆங்லோவில் அமுக்கினால் ஒரு சுரம், இழுத்தால் வேறு சுரம். மவுத் ஆர்கன் ஊதியவர்களுக்கு இது புதிதல்ல. ஊதினால் ஒன்று, உறிஞ்சினால் ஒன்று.

கிட்டத்தில் பார்ப்போம். வழக்கமான ஆங்லோவில் ஒரு கட்டைச் சுருதியில் (மேற்கத்திய C) ஒரு வரிசையும் ஐந்து கட்டைச் சுருதியில் (G) ஒரு வரிசையும் உண்டு. வரிசைக்கு ஒவ்வொரு கைக்கும் ஐந்து பொத்தான், மொத்தம் 20. ஒரு கட்டை வரிசையில் வலக்கைப் பொத்தான்கள் ஐந்தையும் அமுக்கலில் வாசித்தால் ச, க, ப, மேல் ச, மேல் க. இழுப்பில் கீழ் நி, ரி, ம, த, நி. இப்போது சங்கராபரண ஆரோகணம் ஏறுங்கள். முதல் பொத்தானில் அமுக்கி ச. இரண்டாவதில் இழுத்து ரி, அமுக்கி க. மூன்றாவதில் இழுத்து ம, அமுக்கி ப. நான்காவதில் இழுத்து த. அடுத்து அமுக்கல் வரும் என்று விரல் எதிர்பார்க்கும், வராது; ஐந்தாவதில் மறுபடி இழுத்து நி, பிறகு ஒரு பொத்தான் பின்னால் வந்து நான்காவதில் அமுக்கி மேல் ச. புதிதாகப் பழகுகிறவர்கள் தடுமாறும் இடம் இந்த த-நி-ச.

சுரத்துக்குச் சுரம் துருத்தி திசை மாறுவதால் ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு சின்ன வெட்டு விழும். அதை மறைக்க முயல்வது பாடகர்களுக்குப் பின்னால் வாசிக்கும்போது சரி. கிளேரில் கான்சர்டினா ஆட்டத்துக்கு வாசிக்கப்பட்டது. சமையலறைக் கல்தரையில் காலடிச் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும், தாளம் தப்பக் கூடாது. அந்த வெட்டே தாளமாகிவிட்டது. பொது ஆட்டத்துக்கு உரிமம் வேண்டும் என்ற 1935ஆம் ஆண்டு நடனக்கூடச் சட்டம் வந்தபின் வீட்டு ஆட்டங்கள் நெருக்கடிக்குள்ளாயின; இருந்தும் மிஸஸ் கிராட்டியின் தலைமுறை வாசிப்பில் காது கொடுத்தால் இன்னும் கேட்பது அந்தக் கால்களின் கணக்குதான். வழவழப்பை எதிர்பார்த்துக் கேட்கிறவர்களுக்கு அது கரடுமுரடாகத் தோன்றலாம். கருவியின் பிழை அல்ல அது.

20 பொத்தானுக்கு ஒரு முட்டுக்கட்டை உண்டு. ஐரிஷ் பிடில் மெட்டுகளில் ஏராளமானவை இரண்டு கட்டையில் நிற்கும். அங்கே சங்கராபரணம் வாசிக்க நாலரைக் கட்டையும் ஒன்றரைக் கட்டையும் வேண்டும். நாலரை, ஐந்து கட்டை வரிசையில் கிடைக்கும். ஒன்றரை இரண்டு வரிசையிலும் கிடையாது. அதற்காகத்தான் மூன்றாவதாக ஒரு வரிசை சேர்த்து 30 பொத்தான் ஆக்கினார்கள். பொத்தானுக்கு இரண்டு நாக்கு என்ற கணக்கில் 60 நாக்கு. வலக்கைக் கட்டைவிரலுக்கு ஒரு காற்றுப் பொத்தான் தனி. துருத்தி விரிந்து முடிந்துவிட்டாலோ மூடி முடிந்துவிட்டாலோ சத்தமில்லாமல் காற்றை உள்ளே வாங்க, வெளியே விட.

‘நாக்கு’ என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. ஆர்மோனியம் பழுது பார்ப்பவர்கள் ‘ரீடு’ என்பார்கள்; தப்பில்லை. ஆனால் அகராதியைப் பார்த்து ‘நாணல்’ என்று எழுதிவிடுகிறார்கள், அது சறுக்கல். நாகஸ்வரச் சீவாளி உண்மையிலேயே நாணல். அதன் இரண்டு இதழும் ஒன்றோடொன்று மோதி ஒலிக்கும். கான்சர்டினாவில் இருப்பது எஃகுத் தகடு. பித்தளைச் சட்டத்தின் துளைக்குள் எதிலும் படாமல் மேலும் கீழும் போய்வரும். சுற்றி விடும் இடைவெளி தலைமுடி நுழையும் அளவுதான். மணிக்கு நா உண்டு என்றால் இதற்கும் நா என்பது பொருந்தும்.

இடைவெளி அவ்வளவு குறுகல் என்பதால் பழுதுகளில் பாதி அங்கேதான். ஒரு சுரம் திடீரென்று ஊமையானால் பெரும்பாலும் தூசி அல்லது நூல்பிசிறு. பக்கத்துக்கு ஆறு திருகாணி. கழற்றி, பொத்தான் பலகையை எடுத்தால் நாக்குப் பலகை தெரியும். மெல்லிய காகிதத் துண்டை நாக்குக்கு அடியில் செருகி ஒரு இழு இழுத்தால் பிசிறு வந்துவிடும். ஊசியோ பிளேடோ வேண்டாம். கீறல் விழுந்தால் சுருதி போகும். கழற்றும் முன் பென்சிலால் பலகையிலும் துருத்திச் சட்டத்திலும் அடையாளம் போட வேண்டும். அறுகோணம் என்பதால் தவறாகத் திருப்பி வைத்தாலும் உள்ளே உட்கார்ந்துவிடும், ஆனால் பொத்தானும் நாக்கும் பொருந்தாது. திருகாணியும் அதனதன் துளைக்கே திரும்ப வேண்டும்.

பொத்தானைத் தொடாமலேயே ஒரு சுரம் முனகிக்கொண்டிருந்தால் நாக்கைக் குறை சொல்லக் கூடாது. துளையை மூடும் தோல் மெத்தை சரியாக உட்காரவில்லை, அல்லது அதன் வில்கம்பி தளர்ந்திருக்கிறது. மழைக்காலத்தில் மரம் உப்பிப் பித்தளைச் சட்டத்தை நெருக்கும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். வறண்ட காலத்தில் மரம் சுருங்கும், சட்டம் தளர்ந்து கரகரக்கும். இரண்டுக்கும் அவசரப்பட்டு அரத்தை எடுப்பது மோசம். நாக்கின் நுனியில் அராவினால் சுருதி ஏறும், ஏனென்றால் ஆடும் எடை குறைகிறது. அடியில் அராவினால் இறங்கும், ஏனென்றால் விறைப்பு குறைகிறது. அராவிய எஃகு திரும்ப வராது. மரத்தின் ஈரம் சரியானதும் பாதிச் சிக்கல் தானே தீரும்.

துருத்தியைச் சோதிக்க எளிய வழி: ஒரு பக்கத்துத் தோல்வாரைப் பிடித்துத் தூக்கி, பொத்தான் எதையும் அழுத்தாமல் மறுபக்கத்தைத் தொங்க விடுங்கள். மெல்ல மெல்லத்தான் இறங்க வேண்டும். சட்டென்று விழுந்தால் மடிப்பு மூலையில் ஓட்டை. நமக்கு வரும் ‘இழுப்பு’ நோய் கருவிக்கும் வந்துவிட்டது என்று பொருள்.

இனி தமிழ்ப் பெயர். துருத்தி பழைய சொல். கொல்லன் உலைக்குக் காற்றடிக்கும் தோல்பை. ஆற்றுக்கு நடுவே நிற்கும் திட்டுக்கும் அதே பெயர், திருத்துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நாக்கைத் துருத்துவது என்ற வினையும் ஒலியில் பக்கத்தில் நிற்கிறது. குறுந்தொகை 172ஆம் பாட்டில் ஏழூருக்குப் பொதுவாக ஓர் ஊரில் வைத்த ‘உலைவாங்கு மிதிதோல்’ வருகிறது. காலால் மிதிக்கும் துருத்தி, ஓய்வில்லாமல் வருந்தும் நெஞ்சுக்கு உவமை. மிதிதோலுக்கு எதிர்முனை கைத்துருத்தி. கான்சர்டினாவுக்கு அந்தப் பெயர் அளவிலும் செயலிலும் ஒட்டும்: இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும், தொடைமேல் ஒரு பக்கத்தை ஊன்றி வாசிக்கலாம். ‘இசைத்துருத்தி’யைக் குடும்பப் பெயராக வைத்துக்கொள்ளலாம். அக்கார்டியனுக்குத் துருத்திப்பெட்டி. சுருதிப்பெட்டி, ஆர்மோனியப்பெட்டி என்று பெட்டி சேர்ப்பது நம் பழக்கம்; ஐரிஷ் இசைஞர்களும் பொத்தான் அக்கார்டியனைப் ‘பெட்டி’ என்றே சொல்கிறார்கள். கையில் இருப்பது எது என்று சந்தேகம் வந்தால் பொத்தானைப் பாருங்கள். கான்சர்டினாவில் துருத்தி போகும் திசையிலேயே பொத்தானும் உள்ளே போகும். அக்கார்டியனில் துருத்திக்குக் குறுக்கே போகும். ஆர்மோனியம் தனிச் சாதி: ஒரு கை துருத்திக்கு, ஒரு கை கட்டைக்கு, காற்று எப்போதும் ஒரே திசையில்.

வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். மீட்டுவது தந்தியை. ஊதுவது வாயால். கைத்துருத்தியை வாசிக்க வேண்டும். அஞ்சலிக் குறிப்பு எழுதுகிறவர்கள் முதல் முறை கான்சர்டினா என்றும் அடுத்தடுத்து கைத்துருத்தி என்றும் எழுதலாம்: ‘கிளேர் மாவட்டத்துக் கான்சர்டினா இசைஞர் மிஸஸ் எலிசபெத் கிராட்டி 1960 டிசம்பரில் காலமானார். ஆட்டத்துக்குக் கைத்துருத்தி வாசித்த தலைமுறையைச் சேர்ந்தவர்.’ ‘மிஸஸ்’ஸைத் ‘திருமதி’ ஆக்க வேண்டாம். அங்கே அது மரியாதைச் சொல்லாக நிற்கவில்லை, பெயராகவே நிற்கிறது.