டிராக் பாடியவரின் தொண்டை

வடபழனி, சாலிகிராமம் பகுதியில் ஒலிப்பதிவுக்கூடங்கள் நிறைந்திருப்பதால், அங்கே மனநல மருத்துவம் பார்க்கும் என்னிடம் இசைக்கலைஞர்கள் வருவது வியப்பில்லை. ஆனால் அவர்கள் நேராக வருவதில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரையும் இரைப்பை மருத்துவரையும் பார்த்துவிட்டு, “ஒன்றுமில்லை என்கிறார்கள், ஆனால் சரியாகவில்லை” என்று கோப்பைத் தூக்கிக்கொண்டு கடைசியாகத்தான் வருகிறார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் முப்பதை நெருங்கும் பாடகி. அவருடைய சம்மதத்துடன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி எழுதுகிறேன். மேல் ஸ்தாயிக்குப் போனால் யாரோ கழுத்தைப் பிடிப்பதுபோல் இறுகுகிறது என்றார். குரல்நாணில் முடிச்சோ வீக்கமோ இல்லை என்றது எண்டோஸ்கோப்பி அறிக்கை. வீட்டில் குழந்தையைத் தூங்கவைக்கப் பாடும்போது அதே சுரம் தடையில்லாமல் வருகிறது. மைக் முன்னால்தான் வர மறுக்கிறது. குரல்நாணைச் சுற்றியுள்ள தசைகள் பதற்றத்தில் இறுகிப்போகும் இந்த நிலை பாசாங்கன்று, பாடகர்களிடையே அரிதுமன்று.

அவர் சில ஆண்டுகளாக டிராக் பாடிவந்தவர். மெட்டை இயக்குநருக்குப் போட்டுக்காட்ட முதலில் ஒருவரைப் பாடவைத்துப் பதிவுசெய்வார்கள். பிறகு பெயர்பெற்ற ஒருவர் வந்து, அதைக் கேட்டுவிட்டுப் பாடிக் கொடுப்பார். சில சமயம் டிராக் குரலே பாட்டாக வெளிவருவதும் உண்டு, பலருக்கு முதல் வாய்ப்பு அப்படிக் கிடைத்ததும் உண்டு என்பதால் இந்த வழக்கத்தையே தீயது என்று நான் சொல்லமாட்டேன். இரண்டில் எது நடக்கும் என்பதை யாரும் சொல்லாமல் விடுவதுதான் கேடு. ஒரு பாட்டில் தன் குரல் மாற்றப்பட்டதை, அது யூடியூபில் வெளியான மாலையில், உறவினர்களுக்கெல்லாம் சொல்லிவைத்த பிறகு, இவர் தெரிந்துகொண்டார். மெட்டில் அவர் தாமாகச் சேர்த்த சங்கதி, அந்தச் சுர நெளிவு, அப்படியே இருந்தது. குரல் மட்டும் வேறு. அடுத்த அழைப்புக்கு மறுத்தால் இனிக் கூப்பிடமாட்டார்கள் என்ற பயத்தில் பாடப் போனார். தொண்டை முதன்முதலாக இறுகியது அன்றுதான்.

கீபோர்டு வாசிக்கும் நண்பர் ஒருவர் படபடப்புக்கு என்று கொடுத்த புரோப்ரனலால் மாத்திரையையும் அவர் இடையில் விழுங்கியிருந்தார். கைநடுக்கத்தையும் நெஞ்சுத் துடிப்பையும் தணிப்பதால் மேடைக் கலைஞர்களிடையே இது கைமாறிக்கொண்டே இருக்கிறது. இவருக்கோ சிறுவயதிலிருந்து ஆஸ்துமா. அந்த மாத்திரை மூச்சுக்குழாயைச் சுருக்கி உயிருக்கே ஆபத்தாகியிருக்கலாம். மருத்துவரின் சீட்டில்லாமல் யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

“கலைஞர் என்றாலே உணர்ச்சிவசப்படுபவர்தானே” என்று குடும்பத்தார் சொல்வதை வாரந்தோறும் கேட்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. பளு மிகுந்தும் தன் வேலைமீது தனக்குள்ள பிடி குறைந்தும் இருக்கும் இடத்தில் மன இறுக்கம் கூடும் என்று பணியிட மன இறுக்கத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979-இல் எழுதியது தொழிற்கூடங்களுக்கு மட்டுமன்றி ஒலிப்பதிவுக்கூடத்துக்கும் பொருந்துகிறது. ஆகவே தூக்கம், பசி பற்றிக் கேட்கும்போதே ஒப்பந்தம் பற்றியும் கேட்கிறேன். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தத்தின்படி, திரையரங்குக்கு வெளியே பாடல் பயன்படுவதற்கான ராயல்டியைப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டாலும் அது செல்லாது. வணிகப் பயன்பாட்டில் ராயல்டி பெறும் உரிமை பாடகருக்கும் வாத்தியக் கலைஞருக்கும் உண்டு. உரிமை மாற்றப் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். வெளிவராத குரலுக்கு இவை எதுவும் உதவாது என்பதால், டிராக் பாடுகிறவருக்கு முன்கூட்டிப் பேசிக்கொள்வது ஒன்றே காப்பு.

சொந்தமாகப் பாட்டு வெளியிட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்பார்கள். லேபிளின், அதாவது பாட்டை வெளியிடும் நிறுவனத்தின், பிடி இல்லைதான். ஆனால் ரீல்ஸ் போடுவதும் எண்ணிக்கை பார்ப்பதும் இரவு இரண்டு மணிவரை நீள்கின்றன. 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு 2024 முதல் ஸ்பாட்டிஃபை பணம் தருவதில்லை என்பதால், அந்த எண்ணைப் பார்க்காதீர்கள் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. படுக்கையறைக்குள் கைபேசியைக் கொண்டுபோகவேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

பாடகிக்குக் குரல் பயிற்சியாளரின் உதவியும் என்னுடைய ஆலோசனையும் சேர்ந்து நடந்தன. அடுத்த அழைப்பு வந்தபோது, போவதற்கு முன் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பும்படி சொன்னேன்: ‘சார், இது டிராக்கா, ஃபைனலா? பேமெண்ட் எப்போது?’ என் அறையில் உட்கார்ந்தே அதை எழுதினார். எழுதி, அழித்து, ‘தவறாக நினைக்க வேண்டாம்’ என்று முன்னால் சேர்த்து, அதையும் அழித்து அனுப்ப நாற்பது நிமிடம் ஆயிற்று. “டிராக்தான்மா, நாளைக்கே ஜிபே பண்ணிடறேன்” என்று உடனே பதில் வந்தது. போய்ப் பாடினார். சரணத்தில் ஒருமுறை தொண்டை இறுகியதாம். தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு டேக் கேட்டு வாங்கினாராம்.