பூவா தலையா போட்டு வாசகரைக் கேட்பது எப்படி?

எழுத்தாளர்கள் 'என் வாசகர்கள் யார்?' என்று படிவம் விடுகிறார்களே, அதில் வரும் கணக்கை நம்பலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வயது, ஊர், தொழில், புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குகிறீர்களா என்ற வழக்கமான கேள்விகள்தான்.

முதல் சிக்கல் பலருக்கும் தெரிந்தது. படிவத்தை நிரப்புகிறவர் வேறு, படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவர் வேறு. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ் ஏறக்குறைய 1 கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. எண்ணிப் பார்த்துவிட்டு, அதிபராக இருந்த ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் 57 சதவீதம் வாங்குவார் என்றது. ரூஸ்வெல்ட் 60 சதவீதத்தைத் தாண்டினார். லாண்டன் ஜெயித்தது 2 மாநிலங்களில். தொலைபேசியும் காரும் வைத்திருந்த வசதிக்காரர்களின் பட்டியலிலிருந்து முகவரி எடுத்ததுதான் காரணம் என்பார்கள். அது பாதி உண்மை. சீட்டு கிடைத்த எல்லோரும் பதில் போட்டிருந்தாலே ரூஸ்வெல்ட் ஜெயிப்பார் என்றாவது தெரிந்திருக்கும் என்று 1988-ல் ஓர் ஆய்வு காட்டியது. மெனக்கெட்டுத் தபாலில் சேர்த்தவர்களில் அவரைப் பிடிக்காதவர்கள் அதிகம். 'பத்தாயிரம் பேர் நிரப்பியிருக்கிறார்கள், அப்புறம் என்ன சந்தேகம்?' என்ற பேச்சை நான் மூடநம்பிக்கைக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

சரி, பதில் போட்டவர்களாவது உண்மை சொல்கிறார்களா? அந்தத் தேர்தலைச் சரியாகக் கணித்த கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் 1928-ல் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது செய்தித்தாள் வாசகர்களைத்தான். 'என்ன படிப்பீர்கள்?' என்று கேட்டால் கௌரவமான பதில்தான் வரும். அவர் பேப்பரை எதிரே விரித்து வைத்து, பத்தி பத்தியாக 'இதைப் படித்தீர்களா?' என்று கேட்கவைத்தார். படக்கதைகள் முன்னுக்கு வந்தன.

ஆனால் 'என் புத்தகத்தை டெலிகிராமில் திருட்டு பிடிஎஃப்பாக இறக்கிப் படித்தீர்களா?' என்று எழுத்தாளரே கேட்டால்? ஆம் என்று எவர் டிக் அடிப்பார்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த உத்தி வருகிறது. 1965-ல் ஸ்டான்லி வார்னர் என்ற ஆய்வாளர் தொடங்கிவைத்தது. பின்னால் வந்த எளிய வடிவத்தைச் சொல்கிறேன்.

பதில் சொல்கிறவர் யாருக்கும் காட்டாமல் ஒரு நாணயத்தைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால், உண்மை எதுவானாலும் 'ஆம்' என்று எழுத வேண்டும். பூ விழுந்தால் உண்மையை எழுத வேண்டும். அவ்வளவுதான்.

1,000 பேர் பதில் போட்டு, அதில் 620 'ஆம்' இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுமார் 500 பேருக்குத் தலை விழுந்திருக்கும். அவர்கள் 'ஆம்' எல்லாம் வெறும் நாணயத்தின் வேலை. அதைக் கழித்தால் மிச்சம் 120. இது பூ விழுந்த 500 பேரிடமிருந்து வந்தது, அதாவது 24 சதவீதம். நாணயத்துக்கு ஆள் தெரியாது என்பதால் தலை விழுந்தவர்களிலும் அதே 24 சதவீதம்தான் இருக்கும். மொத்தத்தில் சுமார் 240 பேர் திருட்டு பிடிஎஃப் படித்தவர்கள்.

யார் அந்த 240 பேர்? எழுத்தாளருக்குத் தெரியாது. பெயரோடு பட்டியல் வெளியே கசிந்தாலும் தெரியாது. 'ஆம்' என்ற 620 பேரில் 380 பேர் ஒரு தப்பும் செய்யாதவர்கள். 'தலை விழுந்தது சார்' என்று எவரும் சொல்லிக்கொள்ளலாம், மறுக்க வழியே இல்லை. படித்தவர் இன்னார் என்று எவரையும் உறுதியாகக் காட்ட முடியாமல், எல்லோரையும் பற்றி மட்டும் தெரிந்துகொள்ள முடிகிறது. கல்லூரியில் முதன்முறை படித்தபோது இதில் எங்கோ ஏமாற்று இருக்கிறது என்றே நினைத்தேன்.

விலை இல்லாமல் இல்லை. நேரடியாகக் கேட்டு எல்லோரும் உண்மை சொன்னால், 1,000 பேரிடம் கிடைக்கும் 24 சதவீதத்தில் ஏறத்தாழ 3 புள்ளி முன்னே பின்னே இருக்கலாம். நாணயம் நடுவில் வந்தால் அது 6 புள்ளியாகிறது. ஆகவே நூறு வாசகர் உள்ளவருக்கு இது உதவாது. கோடிக்கணக்கானோர் உள்ள இடத்தில் பிரமாதமாக உதவும். 2014-ல் கூகுள் தன் குரோம் உலாவியில் பயனர் விவரம் திரட்ட இதன் வழிவந்த முறையைத்தான் வைத்தது. நம் நாட்டுப் புள்ளியியலாளர்கள் அரிஜித் சௌதுரியும் ராகுல் முகர்ஜியும் 1988-லேயே இந்த முறை பற்றி முழுப் புத்தகம் எழுதிவிட்டார்கள். பென்சிலும் தாளும் போதும் என்கிற இந்த மாதிரித் துறைகளுக்குப் பணம் ஒதுக்க ஏன் இத்தனை தயக்கமோ.

இன்னொரு குறையும் உண்டு. ஒரு பிடிஎஃப்பையும் தொடாத யோக்கியருக்குத் தலை விழுந்தால், பொய்யாக 'ஆம்' போடக் கை வராது. விதியை மீறி 'இல்லை' என்று எழுதிவிடுவார், கணக்கு கெடும். இதற்கு 2008-ல் ஒரு மாற்று வந்தது. இரண்டு கேள்வி: உங்கள் அம்மா ஜனவரி முதல் மார்ச்சுக்குள் பிறந்தவரா? திருட்டு பிடிஎஃப் படித்தீர்களா? இரண்டுக்கும் பதில் ஒன்றா, வேறு வேறா என்று மட்டும் சொன்னால் போதும். 'ஆம்' என்ற வார்த்தையே எழ வேண்டியதில்லை. முக்கால்வாசி அம்மாக்கள் மற்ற மாதங்களில் பிறந்தவர்கள் என்பதால், எவரும் படிக்கவில்லை என்றால் 75 சதவீதம் பேர் 'ஒன்று' என்பார்கள். எல்லோரும் படித்திருந்தால் 25 சதவீதம் பேர்தான் அப்படிச் சொல்வார்கள். அந்த 75-லிருந்து எவ்வளவு குறைகிறதோ அதன் இரு மடங்கு திருட்டு வாசகர்கள்.

நம் ஊரில் ஒரு சின்ன மாற்றம் தேவைப்படும். அம்மாக்கள் பலருக்குப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுக்கொடுத்த தேதிதான் பிறந்தநாள், அது மே, ஜூனில் வந்து குவிந்துகிடக்கும். நண்பர் ஒருவரின் செல்போன் எண் 0, 1, 2-இல் முடிகிறதா என்று கேட்டுவிட்டு, 75-க்குப் பதில் 70-லிருந்து கழித்து, இரண்டரையால் பெருக்கிக்கொள்ளலாம்.