அந்தக் கோப்பில் உள்ள எண்கள் யாருடையவை?

போன கிழமையும் ஒரு ராஸ்பெரி பை (உள்ளங்கை அளவுக் கணினி) வந்து சேர்ந்தது. ஐஸ் அறைகளின் வெப்பநிலையைப் பதிவு செய்வதற்காக, திருகோணமலைப் பக்கம் சாம்பல்தீவுத் தம்பி ஒருவர் கூட்டாளிகளோடு சேர்ந்து செய்த சிறு கருவி. உள்ளே ஓடுவது ஒரு குட்டி லிஸ்ப் நிரல்மொழி. எக்ஸ்86-64 புரோசசருக்கு எழுதப்பட்ட கொம்பைலரை அவர்களே பையிலுள்ள ஏ.ஆர்.எம்.64 புரோசசருக்கு மாற்றியிருக்கிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள், அதில் சந்தேகமில்லை. "அக்கா, கொம்பைல் ஆகுது, ரன்னும் ஆகுது. கொஞ்ச நேரம் போனால் லிஸ்டுக்குள்ள குப்பை வருது, பிறகு விழுந்திடுது. பை 4இல ஒரு பிரச்சினையும் இல்லை, பை 5இலதான்."

இதைக் கேட்டதுமே எந்தக் கோப்பைத் திறப்பது என்று விளங்கிவிட்டது. இதே வியாதி யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும்கூட என்னிடம் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

லிஸ்ப் கொம்பைலர்களில் புரோசசருக்கு ஒன்றாக ஒரு மாறிலிக் கோப்பு இருக்கும். ஒரு சொல்லுக்கு (புரோசசர் ஒரே தடவையில் கையாளும் நினைவகத் துண்டு) எத்தனை பிட், பொயின்டரின் (நினைவக முகவரி) அடியில் எத்தனை பிட் டேக் (வகையைக் காட்டும் குறி), எந்த ரெஜிஸ்டர் (புரோசசருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) எதற்கு, ஹீப் (பொருட்கள் இருக்கும் நினைவகப் பகுதி) எந்த முகவரியில் தொடங்கும், ஒவ்வொரு பொருளுக்குள்ளும் எந்தப் புலம் எங்கே உட்காரும் எல்லாம் அதில்தான். எஸ்.பி.சி.எல். என்ற லிஸ்ப் கொம்பைலரில் புரோசசர் கோப்புறைகளுக்குள் 'பார்ம்ஸ்' என்ற பெயரில் இருக்கும், சி.சி.எல். என்ற இன்னொன்றில் 'ஆர்ச்' என்று முடியும். பார்த்தால் வெறும் எண்கள். அதனால் குழுவில் கடைசியாகச் சேர்ந்தவரிடம் இந்த வேலையைத் தள்ளிவிடுகிறார்கள். அவரும் பக்கத்துப் புரோசசரின் கோப்பைக் கொப்பி அடித்து, பெயரை மாற்றி, புரோசசர் மனுவலைப் பார்த்து நாலு எண்ணைத் திருத்தி, கொம்பைல் ஆகிறதா என்று பார்க்கிறார். ஆகும். ஏன் ஆகாது? ஒரு மாறிலி பிழையென்று கொம்பைலர் எதை வைத்துச் சொல்லும்? அந்த மாறிலியை வைத்துத்தானே அதுவே வேலை செய்கிறது.

எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். கோப்பின் பெயரில் புரோசசரின் பெயர் இருக்கிறது, ஆகவே உள்ளே இருக்கும் எண்களெல்லாம் புரோசசருடையவை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அதில் பாதிக்கு மேல் புரோசசருக்குச் சம்பந்தமே இல்லாதவை. சில புரோசசருடையவை, சில கேர்னலுடையவை (இயக்க முறைமையின் கரு), சில சி கொம்பைலரின் ஏற்பாடுகள். மிச்சமெல்லாம் நீங்களாக எடுத்த தீர்மானங்கள். எந்த எண் யார் கையில் இருக்கிறது என்று தெரியாமல் அதைத் தொடக்கூடாது.

"64 பிட் புரோசசர்தானே, அப்ப ஏன் ஃபிக்ஸ்னம் 64 பிட் இல்லை?" இதைக் கேட்காதவர் இல்லை. ஃபிக்ஸ்னம் என்பது ஒரு சொல்லுக்குள்ளேயே அடங்கும் முழு எண். லிஸ்பில் ஒவ்வொரு மதிப்பும் ஒரு சொல்லுக்குள் அடங்க வேண்டும். தான் என்ன வகை என்பதையும் அந்தச் சொல்லே சொல்ல வேண்டும். ஆகவே சில பிட்களைக் களவெடுக்கிறோம். எஸ்.பி.சி.எல். எக்ஸ்86-64இல் வழக்கமாக ஃபிக்ஸ்னமுக்காக எடுப்பது 1 பிட். அங்கே மிகப் பெரிய ஃபிக்ஸ்னம் 4611686018427387903. அதே கணினியில் சி.சி.எல்.லை ஓட்டிப் பாருங்கள், 1152921504606846975 என்று வரும், அது 3 பிட் எடுக்கிறது. சிலிக்கன் ஒன்று, எண் இரண்டு. 1994இல் வந்த கொமன் லிஸ்ப் தரநிலை ஃபிக்ஸ்னமுக்குக் குறைந்தது 16 பிட் வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. இன்டெல் மனுவலை முழுக்கப் புரட்டினாலும் இந்த எண் கிடைக்காது. அது கொம்பைலர் எழுதியவரின் தீர்மானம். (விதிவிலக்கு உண்டு: ஸ்பார்க் புரோசசரில் கடைசி 2 பிட்டைப் பார்த்துக் கூட்டும் கட்டளையே இருந்தது. அங்கே டேக் விஷயத்தில் புரோசசருக்கும் ஒரு சொல் இருந்தது. இன்றைக்கு உங்கள் மேசையில் ஸ்பார்க் இருக்காது.)

தீர்மானம் உங்களுடையதுதான், ஆனால் அதன் செலவைப் புரோசசர் வசூலிக்கும். 1 பிட் தள்ளி வைத்தால் 5 என்பது நினைவகத்தில் 10, 7 என்பது 14. கூட்டினால் 24, அதாவது 12. டேக்கை உரிக்காமலே கூட்டல் முடிந்துவிட்டது. இப்போது வெக்டரில் 5ஆவது உறுப்பு வேண்டும். சொல் ஒன்றுக்கு 8 பைட், ஆக 40 பைட் தள்ளிப் போக வேண்டும். கையில் இருப்பது 10. எக்ஸ்86 முகவரி கணக்கிடும்போதே 4ஆல் பெருக்கித் தரும், ஒரே கட்டளையில் வேலை முடிந்தது. ஏ.ஆர்.எம்.64இல் 64 பிட் லோட் கட்டளை சுட்டெண்ணை ஒன்றில் அப்படியே எடுக்கும், இல்லாவிட்டால் 3 பிட் தள்ளி 8ஆல் பெருக்கும். நடுவில் 4 கிடையாது. ஆகவே முன்னால் இன்னொரு கூட்டல் கட்டளை போட வேண்டும். சி.சி.எல். போல 3 பிட் எடுத்திருந்தால் 5 என்பது ஏற்கனவே 40 ஆக நிற்கும், இரண்டு புரோசசரிலும் சிக்கல் இல்லை. எக்ஸ்86இன் வார்ப்பை அப்படியே கொண்டுவந்தால் அசெம்பிளரே மறுத்துவிடும். அது நல்லது. மறுக்காதவைதான் ஆளைக் கொல்லும்.

லிஸ்டின் ஒரு கண்ணியான கான்ஸ் செல்லை எடுங்கள். 64 பிட்டில் இரண்டு சொல், 16 பைட். எல்லாப் பொருளையும் 16 பைட் எல்லையில் வைப்பதால் முகவரியின் கடைசி 4 பிட் எப்போதும் சுழியம். டேக் உட்காரும் இடம் அதுதான். பதினறும எண்ணில் 1000000010 என்ற முகவரியில் ஒரு செல், லிஸ்ட் டேக் 7 என்றால் பொயின்டர் 1000000017. கார் (முதல் சொல்) வேண்டுமா, பொயின்டரிலிருந்து 7 கழித்துப் படியுங்கள். குடர் (இரண்டாவது சொல்) வேண்டுமா, 1 கூட்டிப் படியுங்கள். டேக்கைக் கழற்ற ஒரு கட்டளையும் செலவில்லை, தூரத்திலேயே கரைந்துவிட்டது. அழகான ஏற்பாடு.

ஆனால் அந்த 7 இப்போது எத்தனை இடத்தில் இருக்கிறது? கொம்பைலர் உமிழும் ஒவ்வொரு கட்டளையிலும் இருக்கிறது. சி மொழியில் எழுதிய ஜி.சி.யிலும் (பாவனை முடிந்த நினைவகத்தை மீட்கும் பகுதி) இருக்கிறது. கையால் எழுதிய அசெம்பிளித் துண்டுகளிலும் இருக்கிறது. ஒருவர் லிஸ்ப் பக்கம் 7ஐ 3 ஆக்கிவிட்டு சி ஹெடரை (இந்த எண்களைச் சி நிரலுக்குச் சொல்லும் கோப்பு) மறந்தால், ஜி.சி. ஒவ்வொரு செல்லிலும் 4 பைட் முன்னால் போய் விழும். முந்தைய சொல்லின் பின்பாதியும் இந்தக் காரின் முன்பாதியும் ஒட்டிய ஒரு எண்ணைப் படிக்கும். பழைய ஸ்பார்க் என்றால் அந்த இடத்திலேயே பஸ் எரர் போட்டு நின்றிருக்கும். எக்ஸ்86 நிற்காது, ஏ.ஆர்.எம்.64உம் சாதாரண நினைவகத்தில் நிற்காது. இரண்டும் மரியாதையாகப் படித்துக் கொடுக்கும். பிறகு ஜி.சி. அந்தக் குப்பையைப் பொயின்டர் என்று நம்பி நடக்கும். விழும் இடத்துக்கும் பிழை இருக்கும் இடத்துக்கும் ஒரு தொடர்பும் இருக்காது. இரவிரவாக டிபக்கரோடு மல்லுக்கட்டுவது இதனால்தான்.

எஸ்.பி.சி.எல். இதற்கு என்ன செய்கிறது? எண் லிஸ்ப் பக்கம் ஒரே ஒரு தடவைதான் எழுதப்படுகிறது. கட்டும்போது 'ஜெனசிஸ்' என்ற படி ஓடி, அங்கிருந்து சி ஹெடர்களை எழுதித் தருகிறது. கையால் ஹெடர் எழுதும் பேச்சே இல்லை. உங்கள் குட்டிக் கொம்பைலருக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை, இருபது வரி நிரல் போதும். ஆனால் அந்த இருபது வரியை எழுதுங்கள், தயவுசெய்து.

சரி, தம்பியின் பை 5க்கு வருவோம். அங்கே பிழை டேக்கில் இல்லை, பக்க அளவில். பக்கம் என்பது கேர்னல் நினைவகத்தைப் பங்கிடும் துண்டு. எக்ஸ்86-64இல் நினைவகப் பக்கம் 4096 பைட். அந்த எண் அப்படியே கொப்பியாகி வந்திருக்கிறது. ஏ.ஆர்.எம்.64 புரோசசர் கட்டமைப்பு 4, 16, 64 கிலோபைட் என்று மூன்றுக்கும் இடம் வைத்திருக்கிறது. எது என்பதைத் தீர்மானிப்பது கேர்னல். பை 4இல் வழக்கமான கேர்னல் 4 கிலோபைட்டில் ஓடுகிறது. பை 5க்கு வரும் வழக்கமான 64 பிட் கேர்னல் 16 கிலோபைட். ஆப்பிளின் எம் வரிசைக் கணினிகளிலும் மேக் ஓ.எஸ். 16 கிலோபைட்தான்.

இவர்களுடைய ஜி.சி. பழைய தலைமுறைப் பக்கங்களை (நெடுநேரம் உயிரோடிருக்கும் பொருட்கள் உள்ளவை) எம்புரொடெக்ட் என்ற கேர்னல் அழைப்பைப் போட்டு எழுத்துக்குப் பூட்டுகிறது. யாராவது எழுதினால் சிக்னல் வரும், அந்தப் பக்கத்தைக் குறித்துக்கொள்ளலாம் என்பது திட்டம். எம்புரொடெக்டுக்குக் கொடுக்கும் முகவரி கேர்னலின் பக்க எல்லையில் இல்லாவிட்டால் அது பூட்டாது, பிழைக் குறியீட்டோடு திரும்பும். 4096இன் மடங்குகளில் நான்கில் மூன்று 16384இன் மடங்கு இல்லை. ஆகவே பக்கம் பக்கமாகப் பூட்டும்போது நான்கில் மூன்று அழைப்பு தோற்றுப்போகும், பூட்டியிருக்க வேண்டிய பக்கங்கள் பல பூட்டப்படாமலே கிடக்கும். பழைய பொருளொன்றில் புதிய பொருளின் முகவரியை எழுதினால் யாருக்கும் தெரியாது. ஜி.சி. அந்தப் பக்கம் சுத்தம் என்று தாண்டிப் போகும், புதிய பொருளை வேறிடம் நகர்த்தும், பழைய முகவரி அந்தரத்தில் தொங்கும். லிஸ்டுக்குள் வந்த குப்பை அதுதான்.

எம்புரொடெக்ட் பிழையென்று சொன்னதே என்கிறீர்களா? சொன்னது. திரும்பி வந்த மதிப்பை யாரும் பார்க்கவில்லை.

ஜி.சி. பக்கம் என்பதும் கேர்னல் பக்கம் என்பதும் ஒன்றல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். எஸ்.பி.சி.எல். எக்ஸ்86-64இல் ஜி.சி. பக்கம் 32768 பைட், கேர்னல் பக்கம் 4096. முதலாவது உங்கள் தீர்மானம், இரண்டாவது கேர்னலின் தீர்மானம். பூட்டு முறையை நம்பினால் உங்களுடையது கேர்னலுடையதின் மடங்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ஏ.ஆர்.எம்.64இல் 65536 என்று வைத்தால் மூன்று கேர்னலிலும் நிற்கும்.

முகவரிகளும் இதே கதைதான். எஸ்.பி.சி.எல். எக்ஸ்86-64இல் நில் (லிஸ்பின் வெற்று லிஸ்ட்) போன்ற நிலையான பொருட்களை 2 ஜி.பி.க்குக் கீழே வைப்பதற்குக் காரணம், அந்த முகவரி 32 பிட்டாகக் கட்டளைக்குள்ளேயே அடங்கும். அதைப் பார்த்து ஆப்பிள் ஏ.ஆர்.எம்.64இலும் கீழே வைக்கப் பார்த்தால் நடக்காது. முதல் 4 ஜி.பி.யை அங்கே யாருக்கும் தரமாட்டார்கள். அதே கணினியில் எக்ஸ்18 ரெஜிஸ்டரையும் தொடக்கூடாது, அது இயக்க முறைமைக்கு ஒதுக்கியது. விண்டோஸிலும் அப்படித்தான். லினக்ஸில் த்ரெட் பொயின்டரை அதில் வைத்து அழகாக ஓடிய கொம்பைலர் மேக்கில் கண்டபடி நடந்துகொள்ளும். புரோசசர் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். கோப்பின் பெயரும் மாறவில்லை.

குறிப்பிட்ட முகவரியில் ஹீப் வேண்டும் என்று கேர்னலிடம் நினைவகம் கேட்கும் எம்மேப்பை, 'சொன்ன இடத்திலேயே தா' என்னும் மேப்_ஃபிக்ஸ்ட் கொடியோடு அழைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஏற்கனவே சி லைப்ரரி இருந்தாலும் கேட்காமல் அதன் மேலேயே போட்டுவிடும். இருந்தால் மறுக்கும் கொடி லினக்ஸ் 4.17இலிருந்து இருக்கிறது. அதைப் பாவியுங்கள். இல்லாவிட்டால் முகவரியை வெறும் ஆலோசனையாகக் கொடுத்து, கிடைத்த இடம் கேட்ட இடமா என்று ஒப்பிடுங்கள்.

குறுக்குக் கொம்பைல் செய்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கொம்பைலர் ஓடுவது உங்கள் லப்டொப்பின் லிஸ்பில். உருவாகும் நிரல் ஓடப்போவது வேறெங்கோ. கொம்பைலருக்குள் நின்று மிகப் பெரிய ஃபிக்ஸ்னம் எது என்று கேட்டால், லப்டொப் தன்னுடையதைச் சொல்லும். 32 பிட் இலக்கில் எஸ்.பி.சி.எல்.லின் எல்லை 536870911. இதை லப்டொப்பின் எண்ணோடு குழப்புவது அடுத்த வீட்டு நிலைக்கு அளவெடுத்து நம் வீட்டுக்குக் கதவு செய்வதுபோல. எஸ்.பி.சி.எல். இலக்கின் எண்களைத் தனிப் பெயர்வெளியில் பிரித்து வைப்பது இதற்காகத்தான். நீங்களும் பிரித்து வையுங்கள்.

இனி வேலைக்கு வாருங்கள். கோப்பைத் திறந்து ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது யாருடையது என்று ஒரு குறிப்பு எழுதுங்கள். பதில் தெரியாத எண்ணைக் கொப்பி அடிக்காதீர்கள். கேர்னலுடையதை ஓடும்போது கேர்னலிடமே கேளுங்கள், பக்க அளவைச் சொல்ல சிஸ்கொன்ஃப் என்று ஒன்று இருக்கிறது. பொருந்தாவிட்டால் தொடக்கத்திலேயே செய்தி சொல்லி நின்றுவிடட்டும். சி பக்கம் புலங்களின் தூரத்தையும் அளவையும் ஸ்டாட்டிக் அசர்ட் (கொம்பைல் ஆகும்போதே சரிபார்க்கும் நிபந்தனை) போட்டுப் பூட்டுங்கள், சி11இலிருந்து அது மொழியிலேயே உண்டு, சாக்குச் சொல்ல இடமில்லை. லிஸ்ப் இமேஜிலும் (ஹீப்பைச் சேமித்த கோப்பு) அதை ஏற்றி ஓட்டும் ரன்டைமிலும் ஒரே கட்டு அடையாளத்தைப் பதித்து, வேறுபட்டால் ஏற்ற மறுக்கச் செய்யுங்கள். எம்புரொடெக்ட், எம்மேப் இரண்டின் பதிலையும் பாருங்கள். பாருங்கள்!

மாறிலியை மாற்றினால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டுங்கள். பழைய ஃபாசல்களுக்குள் (ஏற்கனவே கொம்பைல் ஆன லிஸ்ப் கோப்புகள்) பழைய எண் கரைந்து கிடக்கும். உவர்மலையில் மத்தியானம் கரண்ட் போய் வந்ததும், பாதியில் நின்ற கட்டுமானத்தை அப்படியே தொடரும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. பொறுமையில்லாதது விளங்குகிறது, ஆனாலும் வேண்டாம்.

சோதிக்கும்போது ஹீப்பைச் சின்னதாக வையுங்கள், ஜி.சி. அடிக்கடி ஓடட்டும். 8 ஜி.பி. கொடுத்துவிட்டு "நேற்று முழுக்க ஓடிச்சு அக்கா" என்று வராதீர்கள். நேற்று ஜி.சி. ஓடியே இருக்காது. 32 புலத்துக்கு மேல் உள்ள ஒரு ஸ்ட்ரக்டையும் சோதனையில் சேருங்கள். ஏ.ஆர்.எம்.64இல் 8இன் மடங்கில்லாத தூரம் −256 முதல் 255 வரைதான் ஒரே கட்டளையில் அடங்கும், டேக் கழித்த தூரங்கள் பெரும்பாலும் அந்த வகைதான்.

தம்பி கடைசியாகக் கேட்டார்: கொன்ஃபிக் கோப்பில் ஒரு வரி போட்டால் பை 5உம் 4 கிலோபைட் கேர்னலில் எழும்புமாமே, அப்படி விட்டால் என்ன? எழும்பும். இன்று பின்னேரமே கருவியைக் கொண்டுபோய் மாட்டிவிடலாம். அடுத்த முறை யாராவது எஸ்.டி. கார்டை மாற்றிப் புதிதாக ஓ.எஸ். போடும்போது அந்த வரி இருக்காது. அந்த நேரம் ஐஸ் அறை எத்தனை பாகையில் இருந்தது என்பதற்குக் குப்பைதான் பதிவாகும். எண்ணை 65536 ஆக்கி, ஹெடரைத் திரும்ப உருவாக்கி, முழுக்கக் கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.