‘பிரேக்அவுட்’ என்பதற்குத் தமிழில் தலையெடுப்பு

பங்குச் சந்தைச் செய்தியிலும் விளையாட்டுச் செய்தியிலும் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிற சொல் ‘பிரேக்அவுட்’. நெடுநாளாகத் தாண்டாத விலையை ஒரு பங்கு தாண்டினால் பிரேக்அவுட். போன ஆண்டு யாரும் கவனிக்காத ஆட்டக்காரர் இந்த ஆண்டு எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தால் அதுவும் பிரேக்அவுட். முகத்தில் கொத்தாகப் பரு கிளம்பினாலும் ஆங்கிலத்தில் இதே சொல்தான்.

விளையாட்டில் இந்தச் சொல் மிகுதியாகப் புழங்கும் இடங்களில் ஒன்று அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து. கால்பந்து என்றதும் உருண்டைப் பந்தை எண்ண வேண்டாம். இது முட்டை வடிவப் பந்தைக் கையால் வீசியும் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடியும் ஆடும் ஆட்டம். அங்கே ஒரு பருவத்துக்கும் அடுத்த பருவத்துக்கும் இடையில் ஆள் அடையாளமே மாறிப்போகும் அளவுக்கு வளர்ந்து வருபவர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஆண்டைத்தான் ‘பிரேக்அவுட் சீசன்’ என்கிறார்கள்.

எனக்குத் தெரிந்து இதற்கு ஜோ பரோவைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2015இல் சேர்ந்தவர். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் அவர். ஆனால் அவருக்கு முன்னால் வரிசையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அங்கே இருந்த காலம் முழுவதும் ஆட்டங்களில் அவர் வீசியது மொத்தம் 39 முறைதான். 2018இல் பட்டம் பெற்ற கையோடு லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அந்தப் பருவத்தில் அவர் வீசியதில் நூற்றுக்கு 58 போலத்தான் சக வீரரின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. டச் டவுன் வீச்சுகள், அதாவது எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்துப் புள்ளி தந்தவை, 16. மோசமில்லை, பெயர் சொல்லும்படியும் இல்லை.

2019இல் அதே மனிதர் நூற்றுக்கு 76 என்ற கணக்கில் வீசினார். அவர் வீச்சால் அணி கடந்த தூரம் 5,671 கெஜம். 60 டச் டவுன் வீச்சுகள், அன்றைக்கு அது சாதனை. அணி ஆடிய 15 ஆட்டத்திலும் வென்று தேசியப் பட்டத்தை எடுத்தது. கல்லூரி ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் மிகப்பெரிய தனிநபர் விருதான ஹைஸ்மன் கோப்பை அவருக்கு வந்தது. 2020 ஏப்ரலில் தொழில்முறை அணிகள் ஆள் எடுத்தபோது முதல் ஆளாக எடுக்கப்பட்டவரும் அவர்தான்.

இத்தனை எண்களைவிட ஒரே ஒரு வீச்சு எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2019 செப்டம்பர் 7, ஆஸ்டின் நகரம், எதிரே டெக்சஸ் அணி. ஆட்டம் முடிய மூன்று நிமிடம்கூட இல்லை. லூசியானாவுக்கு ஆறு புள்ளிதான் முன்னிலை. பந்தைத் தக்கவைக்கக் கிடைக்கும் நான்கு வாய்ப்பில் மூன்றாவது, கடக்க வேண்டியதோ 17 கெஜம். அந்த நிலையில் பெரும்பாலான அணிகள் பந்தோடு ஓடி நேரத்தைக் கரைக்கும். டெக்சஸ் ஆட்கள் பாய்ந்து வருகிறார்கள். பரோ பின்வாங்காமல், தன்னைச் சுற்றிக் குறுகிக்கொண்டே வரும் இடத்துக்குள் முன்னோக்கி அடிவைத்து நகர்ந்து சக வீரர் ஜஸ்டின் ஜெபர்சனுக்கு வீசினார். 61 கெஜம், டச் டவுன். 45–38 என்று அந்த ஆட்டம் முடிந்தது. முந்தைய ஆண்டு பார்த்த பரோவிடம் இந்த நிதானத்தை எத்தனை பேர் எதிர்பார்த்திருப்பார்கள்?

இனிச் சொல்லுக்கு வருவோம். ‘பிரேக்’ என்ற வினை பழைய ஆங்கிலத்திலிருந்தே ‘உடை’ என்ற பொருளில் இருக்கிறது. அதோடு ‘அவுட்’ சேர்ந்தபோது தீ மூண்டதையும் போர் வெடித்ததையும் நோய் கிளம்பியதையும் குறித்தது. கைதி சிறையை உடைத்துக்கொண்டு தப்பினால் அதற்கும் இதே சொல். சூழ்ந்து நிற்கும் பகையின் வளையத்தைப் பிளந்து படை வெளியேறினாலும் இதே சொல். 1944 கோடையில் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் ஜெர்மானிய வரிசையைப் பிளந்து முன்னேறியதை வரலாற்று நூல்கள் இன்றும் இப்படித்தான் எழுதுகின்றன. விளையாட்டுக்கு வந்தது இந்த உருவகம்தான்: அடைபட்டுக் கிடந்தவன் சுவரை உடைத்தான்.

இந்த உருவகத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. உடைப்பு என்பது ஒரு நொடியில் நடப்பது. பரோவுக்கு நடந்தது அப்படியல்ல. ஒஹாயோவில் ஆடாமல் பார்த்த ஆண்டுகள், லூசியானாவில் தடுமாறிப் பழகிய ஓர் ஆண்டு, 2019இல் நியூ ஆர்லியன்ஸ் தொழில்முறை அணியிலிருந்து வந்து வீச்சாட்டத்தையே மாற்றியமைத்த ஜோ பிரேடி என்ற இளம் பயிற்சியாளர், கூடவே வளர்ந்த கூட்டாளிகள் என்று பல சேர்ந்தன. அதே அணியின் ஜமார் சேஸ் 2018இல் பிடித்த பந்துகள் 23, அடுத்த பருவத்தில் 84. வீசுகிறவரும் பிடிக்கிறவரும் ஒரே ஆண்டில் ஒன்றாக வளர்ந்தார்கள்.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? ‘உடைத்து வெளியேறல்’ என்பது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு; படித்தால் ஆட்டக்காரர் காவலில் இருந்தார் என்றே தோன்றும். ‘திடீர் எழுச்சி’ என்று எழுதுகிறார்கள். திடீர் என்பதே பொய், எழுச்சியோ மக்கள் கூட்டத்துக்கு உரிய சொல். ‘விசுவரூபம் எடுத்தார்’ என்பது செய்தித்தாள் வழக்கு. நன்றாகவே இருக்கிறது, ஆனால் தண்ணீர்ப் பிரச்சினையும் அன்றாடம் விசுவரூபம் எடுத்து அந்தச் சொல் தேய்ந்துவிட்டது. ‘பாய்ச்சல்’ எண்களுக்குப் பொருந்தும். 23இலிருந்து 84 என்பது பாய்ச்சல்தான். ஆளுக்குப் போதாது.

நம் வீடுகளில் புழங்கும் சொல் ஒன்று இருக்கிறது: தலையெடுத்தல். ‘மூத்தவன் தலையெடுத்துவிட்டால் போதும், குடும்பம் நிமிர்ந்துவிடும்’ என்பார்கள். ‘கடன் அவனைத் தலையெடுக்க விடவில்லை’ என்பார்கள். முன்னால் ஒரு நெருக்கடிக் காலம் இருந்தது, அதில் அவன் பொறுத்துக் கிடந்தான், இப்போது நிமிர்ந்தான் என்ற முழுக் கதையும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லில் அது இல்லை.

பயிருக்கும் இது பொருந்துகிறது. நெல் கதிர் வெளிவருவதற்கு முன் சில நாட்கள் தாளுக்குள்ளேயே இருக்கும். அதைத் தொண்டைக் கதிர் என்பார்கள். வரப்பிலிருந்து பார்த்தால் வெறும் பச்சைதான். தாளை இரண்டு விரலால் நெருடினால் உள்ளே தடிப்பு தெரியும். நகத்தால் கீறிப் பிரித்தால் வெண்மையாக, ஈரமாக, பால் பிடிக்காத இளங்கதிர். சில நாளில் அதுவே வெளியே தலை காட்டும். பயிரின் நிலைக்கும் விளையாட்டின் ஆண்டுச் சுற்றுக்கும் ‘பருவம்’ என்ற ஒரே சொல்லைத் தமிழ் வைத்திருப்பது நமக்குக் கிடைத்த வசதி. ஆகவே ‘பிரேக்அவுட் சீசன்’ என்பதைத் தலையெடுப்புப் பருவம் என்று எழுதலாம்.

வேண்டாதவையும் தலையெடுக்குமே, கோஷ்டிப் பூசல் தலையெடுத்தது என்று எழுதுகிறோமே என்று கேட்கலாம். உண்மைதான். சிறை உடைப்பையும் முகப்பருவையும் சுமக்கும் ஆங்கிலச் சொல் விளையாட்டில் குழப்பமில்லாமல் வாழ்கிறது. இடம் நோக்கிப் பொருள் கொள்வதில் தமிழர் குறைந்தவர்கள் இல்லை.

பழைய ஆட்டக்காரர்களிடமும் இந்தச் சொல்லைப் பொருத்திப் பாருங்கள். ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேரி சாண்டர்ஸ் 1987 வரை தர்மன் தாமசுக்கு மாற்று ஆள். மூத்தவர் போனதும், 1988இல் 11 ஆட்டத்தில் 2,628 கெஜம் பந்தோடு ஓடினார்; ஒரே பருவத்துக்கு அது சாதனை. 2024இல் பாய்சி மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆஷ்டன் ஜென்டி, முந்தைய பருவத்தில் 1,347 கெஜம் ஓடியவர், 14 ஆட்டத்தில் 2,601 வரை வந்து 27 கெஜத்தில் அந்தச் சாதனையைத் தவறவிட்டார். இருவருமே தலையெடுத்தவர்கள் என்றால் ஒரு சொல்லும் கூடக் குறைய வேண்டியதில்லை.

கூடவே வரும் சொல் ‘ரெட்ஷர்ட்’. 1937இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் வாரன் ஆல்ஃப்சன் என்பவர், அந்த ஆண்டு ஆடாமல் அணியோடு பயிற்சி மட்டும் செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பயிற்சியில் அவர் அணிந்தது சிவப்புச் சட்டை. அதிலிருந்து வந்த பெயர் என்பார்கள். நிறத்தைப் பெயர்த்தால் பொருள் கிடைக்காது. காத்திருப்பு ஆண்டு என்றால் போதும்.

ஒரே ஓர் ஆட்டத்தில் பளிச்சிட்டவரைத் தலையெடுத்தார் என்று எழுத வேண்டாம். அதற்கு ‘முத்திரை பதித்தார்’ இருக்கிறது. பருவம் தொடங்குமுன் நிபுணர்கள் பட்டியலிடும் இளைஞர்கள், தலையெடுக்கவிருப்பவர்கள்.