பள்ளிக்கு வராத பிள்ளையும் குட்டைத் தண்ணீரும்

இருபது ஆண்டுகளுக்கு முன்பு கானா நாட்டின் வடபகுதியில் பொதுச் சுகாதாரப் பணியில் இருந்தபோது, ஓர் ஊருக்குப் போனதும் நான் முதலில் கேட்டு வாங்கிப் பார்த்தது பள்ளியின் வருகைப் பதிவேட்டைத்தான். மழையற்ற மாதங்களில் எந்த வீட்டுப் பிள்ளைகள் தொடர்ந்து வரவில்லை என்று குறித்துக்கொண்டு அங்கே போனால், பெரும்பாலும் யாராவது ஒருவர் காலை நீட்டியபடி மர நிழலில் கிடப்பார். நம் பக்கத்தில் நரம்புச் சிலந்தி என்று அழைக்கப்பட்ட கினிப் புழு நோய்தான் அது.

தேங்கிய குட்டைநீரில் வாழும் மிகச் சிறிய நீர்ப்பூச்சிகளின் உடலுக்குள் இதன் இளம்புழுக்கள் இருக்கும். அந்த நீரைக் குடித்தவருக்கு ஏறக்குறைய ஓராண்டு வரை ஒன்றும் தெரியாது; பிறகு, பெரும்பாலும் காலில் கொப்புளம் கிளம்பி, ஒரு மீட்டர் வரை நீளமுள்ள பெண்புழு வெளியே வரத் தொடங்கும். வேகமாக இழுத்தால் அறுந்து சீழ்பிடிக்கும் என்பதால், குச்சியில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுற்றி எடுக்க வாரக்கணக்கில் ஆகும். எரிச்சல் தாளாமல் நோயாளி குட்டையில் காலை நனைத்தால், புழு அங்கேயே இளம்புழுக்களை உதிர்த்துவிடும்.

தகப்பன் படுத்தால் வயல்வேலையும், தாய் படுத்தால் கைக்குழந்தையும் மூத்த பிள்ளையின் பொறுப்பாகிவிடும். மாலி நாட்டின் டோகோன் மக்கள் இதைத் தானியக் களஞ்சியத்தை வெறுமையாக்கும் நோய் என்றே சொன்னார்கள்.

இதற்குத் தடுப்பூசியும் இல்லை, குணப்படுத்தும் மருந்தும் இல்லை. ஆயினும் 1986இல் உலகம் முழுவதும் சுமார் 35 லட்சமாக இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை 2024இல் 15ஆகக் குறைந்தது. குடிநீரை வடிகட்ட நெருங்கிய நெசவுத் துணி, குட்டையில் இறங்கவிடாமல் நோயாளிகளைக் கவனித்துக்கொண்ட ஊர்த் தொண்டர்கள், நீர்ப்பூச்சிகளைக் கொல்லும் மருந்து, ஆழ்துளைக் கிணறுகள் ஆகியவை சேர்ந்து செய்த வேலை இது. கானாவில் 2010க்குப் பிறகு நோய் இல்லை. 2015இல் அதற்குரிய சான்றும் கிடைத்தது. ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 2007இல், சவெலுகு நகரில் குடிநீர் வழங்கல் சீர்குலைந்திருந்த நிலையில் நோய் மீண்டும் வேகமாகப் பரவியதை மறந்துவிடக் கூடாது.

அதனால்தான், எத்தனை கிணறு தோண்டினோம் என்ற கணக்கை மட்டும் நான் ஏற்பதில்லை. கடும் வறட்சி மாதத்தில் அந்த அடிபம்பில் தண்ணீர் வருகிறதா, வாஷர் தேய்ந்தால் மாற்றத் தெரிந்தவர் ஊரிலேயே இருக்கிறாரா, மாற்று உதிரிப்பாகம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் கிடைக்கிறது என்பவையே என் கேள்விகள். பம்பு நின்ற மறுநாளே மக்கள் குட்டைக்குத் திரும்புவார்கள். குடம் சுமப்பது பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீர்ப்பூச்சியைத் தடுக்கும் துணி, வயிற்றுப்போக்குக் கிருமிகளைத் தடுக்காது. கினிப் புழு ஒழிந்த ஊரிலும் குட்டைநீரைக் குடிக்கும் குழந்தைக்கு அந்த ஆபத்து அப்படியே இருக்கிறது. ஆகவே ஆப்பிரிக்கக் கிராமங்களுக்கு உதவ விரும்புவோர், புதிய கிணற்றுக்குப் பணம் அனுப்பும் முன், ஏற்கெனவே உள்ள பம்பைப் பழுதுபார்க்கவும், வீட்டுக் குடத்து நீரில் குளோரின் சேர்க்கவும் அத்திட்டத்தில் தொகை ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.