பனிச்சறுக்கைப் படம்பிடிக்க அடுத்த கேமரா: 4கேயை விட முக்கியமான சில கணக்குகள்

காஷ்மீரின் குல்மார்க்கில் கோண்டோலா என்ற கம்பிவட வண்டியின் இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலையில், 4,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே கொண்டுபோய் இறக்கிவிடும். அங்கிருந்து நண்பர் சறுக்கி இறங்குகிறார், நீங்கள் 100 மீட்டர் தள்ளி நின்று கோப்ரோ மாதிரி ஒரு ஆக்‌ஷன் கேமராவில் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன் லென்ஸ், பழைய 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் சொன்னால், சுமார் 16 மி.மீ. லென்ஸுக்குச் சமம் (இந்த எண் சிறியதானால் காட்சி அகலும், பெரியதானால் தூரத்து ஆள் பெரிதாகத் தெரிவார்). 100 மீட்டர் தூரத்தில் அது 225 மீட்டர் அகலமும் 126 மீட்டர் உயரமும் உள்ள காட்சியை அள்ளிக்கொள்ளும். 1.8 மீட்டர் உயரமுள்ள ஆள் அதில் எவ்வளவு இருப்பார்? 4கே படத்தில் மேலிருந்து கீழாக 2,160 பிக்சல் வரிசைகள் உண்டு. அவற்றில் நண்பருக்குக் கிடைப்பது 31. முகம் தெரியாது, ஸ்கீ பலகையின் ஓரம் பனியை வெட்டுவது தெரியாது, ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியாது.

அதே இடத்தில் 400 மி.மீ.க்குச் சமமான லென்ஸ் இருந்தால் காட்சியின் அகலம் 9 மீட்டர், உயரம் 5 மீட்டர். ஆள் சட்டகத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பிடிப்பார்; 760 பிக்சலுக்கு மேல் கிடைக்கும். முழங்கால் எப்படி மடங்குகிறது, எந்தக் காலில் எடை இருக்கிறது, திருப்பத்தில் இடுப்பு எங்கே போகிறது எல்லாம் தெரியும். பனிச்சறுக்கு வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்வதற்கு இதுதான் வேண்டும்.

போனிலிருந்தோ ஆக்‌ஷன் கேமராவிலிருந்தோ அடுத்த படிக்குப் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் ‘4கேயா, எத்தனை மெகாபிக்சல்’ என்றுதான் கேட்கிறார்கள். கையில் இருப்பதே 4கேதான். குறைவது பிக்சல் இல்லை. இருக்கிற பிக்சல்கள் எல்லாம் வெற்றுப் பனிக்குச் செலவாகிவிடுகின்றன. அதனால் பட்ஜெட்டில் முதல் பங்கு, லென்ஸே காட்சியை நெருக்கிக் காட்டும் ஆப்டிகல் ஜூமுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டிஜிட்டல் ஜூம் இதில் உதவாது. அது அந்த 31 பிக்சலைத்தான் பெரிதாக்கிக் காட்டும்.

சரி, 400 மி.மீ. என்றால் தோளில் தூக்கிச் சுமக்கும் பீரங்கி லென்ஸ்தானே என்று தோன்றும். சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்கே இருக்கும் ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கு அப்படித்தான், விலையும் அப்படித்தான். ஆனால் சென்சார் சிறியதானால் அதே கோணத்துக்குக் குட்டி லென்ஸ் போதும். ‘ஒரு அங்குல’ சென்சார் என்று விற்கப்படும் சென்சாரின் உண்மையான அகலம் 13.2 மி.மீ.; ஃபுல் ஃப்ரேமுக்கு 36 மி.மீ. அதாவது 2.7 மடங்கு சிறியது. ஆகவே அதில் 147 மி.மீ. லென்ஸே 400 மி.மீ. போலப் பார்க்கும். சிறிய சென்சாருக்கு வெளிச்சம் குறைந்தால் கஷ்டம் என்பது உண்மைதான். பனிமலையில் பகலில் அந்தக் கஷ்டம் வராது. அங்கே பிரச்சினையே வெளிச்சம் அதிகமாக இருப்பதுதான்.

சிறிய சென்சாரில் இன்னொரு லாபமும் இருக்கிறது, ஃபோகஸில். ஃபுல் ஃப்ரேமில் 400 மி.மீ. லென்ஸை எஃப்/4இல் (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சுருங்கும்) வைத்து 100 மீட்டருக்கு ஃபோகஸ் செய்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 15 மீட்டர். ஒரு அங்குல சென்சாரில் அதே கோணம், அதே எஃப்/4 என்றால் 40 மீட்டருக்கு மேல். மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் உங்களை நோக்கி வருபவர் நொடிக்கு 15 மீட்டர் நகர்கிறார். முதல் கேமராவில் ஒரு நொடியில் அவர் மங்கிப்போவார். இரண்டாவதில் கிட்டத்தட்ட மூன்று நொடி கையில் இருக்கும், அதற்குள் இரண்டு மூன்று திருப்பங்கள் முடிந்துவிடும். பின்னணி மங்கலாக வருவதுதான் சினிமா அழகு என்று கல்யாண வீடியோ எடுப்பவர்கள் சொல்வார்கள். ஓடுகிற ஆளை எடுப்பவருக்கு அந்த மங்கல் முதல் எதிரி.

அடுத்து, பனி ஏன் சாம்பல் நிறமாக வருகிறது என்ற விஷயம். முதன்முறை பனியில் படம் எடுத்த எல்லோருக்கும் இது தெரியும். நேரில் கண்ணைக் கூச வைத்த வெள்ளை, திரையில் அழுக்கு வேட்டி நிறத்தில் கிடக்கும். சறுக்குபவர் கறுத்த நிழலுருவமாக வருவார். கேமரா பழுதாகவில்லை. உள்ளே இருக்கும் ஒளிமானிக்கு எதிரே இருப்பது பனியா, பாறையா, புல்லா என்று தெரியாது. சராசரியாக ஒரு காட்சி தன்மேல் விழும் வெளிச்சத்தில் 18 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்பும் என்ற அனுமானத்தில் அது வேலை செய்கிறது. தெருவுக்கும் வீட்டுக்கும் அந்த அனுமானம் பொருந்துகிறது. புதிதாக விழுந்த பனியோ 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. சட்டகம் முழுக்கப் பனி என்றால், ‘வெளிச்சம் நாலைந்து மடங்கு கூடிப்போச்சு’ என்று கேமரா முடிவு செய்து, எல்லாவற்றையும் 18 சதவீதச் சாம்பலுக்கு இழுத்துக் கொண்டுவந்துவிடும்.

இதற்கு மருந்து எளிது: எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது கேமரா தேர்ந்த வெளிச்சத்தைத் திருத்தும் வசதியை, ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரு மடங்கு) கூட்டி வைக்க வேண்டும். ஆனால் வீடியோவில் அது மட்டும் போதாது. சறுக்குபவர் தூரத்தில் இருக்கும்போது சட்டகம் முழுக்க வெள்ளை. நெருங்கி வரும்போது அவருடைய கறுப்பு ஜாக்கெட் சட்டகத்தை நிறைக்கிறது. ஆட்டோவில் விட்டால் ஒரே ஓட்டத்தில் பனியின் நிறம் சாம்பலிலிருந்து வெள்ளைக்கு ஏறி, திரும்ப இறங்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது உடனே உறுத்தும். ஆகவே துளை, ஷட்டர் (ஒளி விழும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) மூன்றையும் கையால் பூட்டிவைக்க விடாத கேமராவை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்காதீர்கள். கூடவே ஸீப்ரா என்ற வசதியும் இருக்கட்டும். வெளிச்சம் மிஞ்சிப்போன இடங்களில் திரையில் சாய்வுக் கோடுகள் ஓடும். 100 சதவீதத்தில் வைத்துவிட்டு, பனியில் கோடுகள் தலைகாட்டத் தொடங்கும்வரை வெளிச்சத்தைக் கூட்டி, அப்புறம் ஒரு பொட்டு குறைத்தால் பனியின் மேடு பள்ளமும் ஸ்கீ போட்ட தடமும் அழியாமல் நிற்கும். வெயிலில் திரையைப் பார்த்து மட்டும் இதைக் கணிக்க முடியாது, அதனால் கண்ணை ஒட்டிப் பார்க்கும் வியூஃபைண்டர் இருப்பதும் நல்லது.

வெளிச்சம் அதிகம் என்று சொன்னேன். எவ்வளவு அதிகம்? ஃபிலிம் காலத்திலிருந்தே ஒரு கைக்கணக்கு உண்டு: நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 நொடி, எஃப்/16. வெயிலடிக்கும் பனியில் எஃப்/22. வீடியோவில் அசைவு இயல்பாகத் தெரிய, நொடிக்கு 25 சட்டகம் எடுக்கும்போது ஷட்டரை 1/50இல் வைப்பது வழக்கம். அப்படி வைத்தால் எஃப்/32 தேவைப்படும். பல கேமராக்களில் அவ்வளவு சிறிய துளையே கிடையாது. கிடைத்தாலும்கூட, துளை சுருங்கச் சுருங்க ஒளி அதன் விளிம்பில் சிதறிப் படம் மொத்தமும் மழுங்கும். சிறிய சென்சாரில் இந்த மழுக்கம் இன்னும் சீக்கிரமே வந்துவிடும். எஃப்/4க்குத் திரும்ப வர வேண்டுமானால் ஆறு ஸ்டாப் வெளிச்சத்தைத் தடுக்க வேண்டும், அதாவது 64இல் ஒரு பங்குதான் உள்ளே போகலாம். கேமராவுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிடுவது போன்ற என்டி ஃபில்டர் இதற்குத்தான்.

என்டி இல்லாதவர்கள் ஷட்டரை 1/1000க்கு ஏற்றிச் சமாளிக்கிறார்கள். பனிச்சறுக்கில் இது பெரிய பாவமொன்றும் இல்லை. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிறவர் 1/50 நொடியில் 33 செ.மீ. நகர்ந்துவிடுவார், 1/500 நொடியில் மூன்று செ.மீ.தான். திருப்பத்தில் எழும் பனித்தூளின் ஒவ்வொரு துகளும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், ஓட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும் என்றால் வேகமான ஷட்டரே சரி. பார்க்க மென்மையாக ஓட வேண்டுமானால் என்டி வேண்டும். இரண்டில் எது தேவை என்பதை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

சந்தையில் அதிகம் பேசப்படாத ஒன்று, சென்சார் தன் படத்தை எவ்வளவு வேகமாக வாசிக்கிறது என்பது. இன்றைய சென்சார்களில் பெரும்பாலானவை முழுப் படத்தையும் ஒரே கணத்தில் எடுப்பதில்லை. மேல் வரிசையில் தொடங்கிக் கீழ் வரிசை வரை ஒவ்வொன்றாக வாசிக்கின்றன. நீங்கள் 400 மி.மீ.இல் ஆளைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பும்போது, ஆள் நடுவில் நிற்பார், பின்னணி நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் பின்னால் ஓடும். ஒரு படத்தை வாசிக்க 20 மில்லிநொடி ஆனால், மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் இடையே பின்னணி 30 செ.மீ. நகர்ந்திருக்கும். 9 மீட்டர் அகலக் காட்சியில் அது 128 பிக்சல். நேராக நிற்கும் லிஃப்ட் கம்பம் மூன்று டிகிரிக்கு மேல் சாய்ந்து தெரியும். வாசிக்க 35 மில்லிநொடி எடுக்கும் கேமராவில் சாய்வு ஆறு டிகிரி, தேவதாரு மரமெல்லாம் புயலில் சிக்கியது போல வளையும். 2016இல் வந்த சோனி ஏ6300 அருமையான 4கே தருவது. ஆனால் இந்த வளைவுக்குப் பெயர்போனது. அதே சென்சார் 1080இல் (1,080 பிக்சல் வரிசைகள் உள்ள படம்) வேகமாக வாசிக்கிறதென்றால், சறுக்குக்கு 1080இலேயே எடுக்கலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பனித்தூள் இன்னொரு இடத்திலும் கேமராவைச் சோதிக்கும். வீடியோவைச் சுருக்கும் முறைகள், முந்தைய சட்டகத்தின் எந்தத் துண்டு இப்போது எங்கே நகர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, மாற்றத்தை மட்டும் எழுதி வைக்கின்றன. சாலையில் கார் போனால் இது அழகாக வேலை செய்யும். ஆயிரக்கணக்கான பனித்துகள் ஆளுக்கொரு பக்கம் சிதறும்போது முந்தைய சட்டகத்தில் தேட எதுவும் கிடைக்காது. ஒதுக்கிய டேட்டா போதாமல் படம் கட்டங்கட்டமாக உடையும். ஏவிசிஎச்டி என்ற பழைய வடிவில் பதியும் கேம்கார்டர்கள் நொடிக்கு அதிகபட்சம் 28 மெகாபிட்டில் நிற்பவை. 4கே கேமராக்களில் 100 மெகாபிட் சாதாரணம். 4கேயில் எடுத்து 1080ஆகச் சிறிதாக்கிக் காட்டினாலும் பனித்தூள் தெளிவாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எந்தக் கேமரா? பட்ஜெட் இறுக்கம் என்றால் பயன்படுத்திய ஒரு அங்குல சென்சார் ஜூம் கேமராக்களைத்தான் நான் முதலில் பார்ப்பேன். 2014இல் வந்த பானசோனிக் எஃப்இசட்1000இல் 25–400 மி.மீ., எஃப்/2.8–4 லென்ஸ் உண்டு. 4கேயில் அது சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துவதால் கோணம் இன்னும் குறுகும். மற்றவர்கள் குறை சொல்லும் இந்த விஷயம் நமக்குப் போனஸ். 2016இன் எஃப்இசட்2000, சில நாடுகளில் எஃப்இசட்2500, என்டி ஃபில்டரை உள்ளேயே வைத்திருக்கிறது; கையுறையோடு லென்ஸ் முன்னால் ஃபில்டர் திருகிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். கேம்கார்டர்தான் கைக்கு வாகு என்பவர்களுக்குச் சோனி ஏஎக்ஸ்100. அதிலும் என்டி உள்ளேயே. கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் 2017இன் சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4: 24–600 மி.மீ., கூடவே ஃபேஸ் டிடெக்ட் ஆட்டோஃபோகஸ். ஃபோகஸ் எந்தத் திசையில் தவறியிருக்கிறது என்பதை இந்த முறை நேராகச் சொல்லிவிடும். கான்ட்ராஸ்டை மட்டும் நம்பும் பழைய முறை, முன்னும் பின்னும் தேடித்தான் கண்டுபிடிக்கும். வெற்றுப் பனியில் பிடித்துக்கொள்ளக் கோடு எதுவும் இல்லாததால் தேடிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட கேமரா என்றால், ஆள் திரும்பப்போகும் இடத்தில் முன்கூட்டியே ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள். மேலே சொன்ன 40 மீட்டர் ஆழம் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

மீதிப் பணம் கண்டிப்பாக, கேமராவை உதறாமல் சீராகத் திருப்ப உதவும் ஃப்ளூயிட் ஹெட் உள்ள டிரைபாடுக்கு (முக்காலிக்கு). 400 மி.மீ.இல் கை நடுக்கம் ஒவ்வொன்றும் திரையில் பூகம்பம்.

குளிரைப் பற்றிச் சுருக்கமாக: லித்தியம் பேட்டரிக்குள் அயனிகள் குளிரில் மெதுவாக நகர்வதால், சார்ஜ் இருந்தும் மின்னழுத்தம் விழுந்து கேமரா அணைந்துவிடும். உடம்பை ஒட்டிய உள் பையில் வைத்துச் சூடாக்கினால் அதே பேட்டரி மறுபடி ஓடும். அறைக்குத் திரும்பும்போது, வெளியிலேயே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி மூடிவிட்டு, சூடேறிய பிறகு திறந்தால் ஈரம் பையின் வெளியே படியும், லென்ஸுக்குள் போகாது.

பழைய கேமரா வாங்கப் போகும்போது ஒரு சோதனையை மட்டும் விடாதீர்கள். துளையை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கி, ஒரு வெள்ளைச் சுவரைக் கடைசி வரை ஜூம் செய்து பத்து நொடி எடுத்து, பெரிய திரையில் பாருங்கள். லென்ஸ் கழற்ற முடியாத கேமராக்களில் ஜூம் குழல் நீண்டு சுருங்கும்போது காற்றோடு தூசியும் உள்ளே இழுபட்டுச் சென்சாரில் ஒட்டும். பச்சை மரமும் செங்கல் சுவரும் அதை மறைத்துவிடும், பனி மறைக்காது. ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் சாம்பல் புள்ளி தெரிந்தால், அதைத் துடைக்கக் கேமராவையே பிரிக்க வேண்டியிருக்கும். விலையைக் குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.